யானைக்குழியும் மண்வெட்டியும்

கேரள அரசாங்கத்தின் கடிதம் எதனைக் கையில் எடுத்தாலும், அதன் தலைப்பில் சங்கு ஒன்றும், அதற்கு இருமருங்கும் காவல் நிற்கும் யானைகள் இரண்டும் காட்சி தரும். முன்னாளைய திருவிதாங்கூர் மன்னரின் சின்னத்திலிருந்து வழிவழி வந்த முத்திரை அது. மொழிபெயர்ப்பு அலுவலின் பொருட்டுத் திருவனந்தபுரத்தில் குடியேறிய நமக்கு அம்முத்திரை நாள்தோறும் கண்ணில் படுவது. ஆயினும், அம்முத்திரையில் நிற்கும் யானை காட்டிலிருந்து நாட்டுக்கு எவ்வாறு வந்தது என்னும் வினா நெடுநாள் நம் உள்ளத்தில் எழவில்லை. எழுந்த பின்னர்க் கிடைத்த விடை நம்மை வியப்பில் ஆழ்த்தியது. நிலத்தில் வாழும் உயிர்களுள் மிகப் பெரியதான அவ்விலங்கை நாட்டுக்குக் கொணர்ந்தவை மண்வெட்டி, கடப்பாரை, கூடை ஆகிய மூன்று எளிய கருவிகளே. எந்த ஏழை உழவன் வீட்டுத் தாழ்வாரத்திலும் சாய்ந்து கிடக்கும் கருவிகள் அவை.

மன்னர் கதைகளை எழுதினோர் பலர். யானைகளின் பெருமையை எழுதினோரும் பலர். கருவியின் கதையை எழுதுவார் அரியர். நாட்டின் செல்வமாக எண்ணப்பட்ட விலங்கைக் குறைந்த விலைக் கைக்கருவிகள் கொண்டு எவ்வாறு பிடித்தனர், அக்கருவிகளை எவ்வாறு தேர்ந்தனர், அவற்றைப் பற்றிய கைகள் யாருடையவை, அதன் பொருட்டு விலங்கும் மனிதனும் கொடுத்த விலை யாது என்பவற்றை இங்குக் காண்போம்.

குழி தோண்டி யானை பிடிக்கும் வழக்கம் தமிழகத்தில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. அக்குழிக்குப் பயம்பு என்பது பழந்தமிழ்ப் பெயர். சங்கப் புலவர்கள் அதனை நேரிற் கண்டவர் போலவே பேசுகின்றனர். யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் சேர மன்னன், தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனிடம் சிறைப்பட்டுப் பின்னர்த் தப்பி வந்தான். அந்நிகழ்ச்சியைப் புறநானூற்றின் 17-ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் பாடுகிறார். குழியில் அகப்பட்ட களிறு ஒன்று அக்குழியைத் தூர்த்துக்கொண்டு வெளியேறித் தன் சுற்றத்தோடு கூடியதற்கு அம்மன்னனை அவர் ஒப்பிடுகிறார். பட்டினப்பாலையில், பகைவர் சிறையிலிருந்து மீண்ட கரிகாலனுக்கும் ஏறத்தாழ இதே உவமையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஆள்கிறார். அங்கும் யானை கரையைக் குத்திச் சரித்து வெளியேறுகிறது.

இவ்விரு பாடல்களும் நமக்கு இரண்டு செய்திகளைத் தருகின்றன. முதலாவது, குழியின் வெற்றி அதன் கரையின் உறுதியைப் பொறுத்தது என்பது. கரை இளகிய மண்ணாயின் யானை அதனைக் கொம்பால் இடித்துப் படியாக்கி ஏறிவிடும். இரண்டாவது, புலவர்களின் நெஞ்சம் யானையின் பக்கமே நின்றது என்பது. இரண்டு பாட்டிலும் யானை தப்பிவிடுகிறது. தன் கூட்டத்தைச் சேர்ந்துவிடுகிறது.

யானைக்குக் குழி என்றால், பிற விலங்குகளுக்கு வேறு பொறிகள் இருந்தன. பெரிய கற்பலகை ஒன்றைச் சாய்த்து, அதன் கீழ் ஒரு முட்டுக் கொடுத்து, விலங்கு இரையைத் தொட்டவுடன் கல் விழுமாறு அமைப்பது ஒருவகை. இதற்கு அடார் என்று பெயர். பன்றிகளுக்காக வழியருகே வைக்கப்பட்ட அடார்களைக் கண்டு கவனமாகச் செல்லுமாறு, பரிசில் நாடிப் போகும் கூத்தரை மலைபடுகடாம் எச்சரிக்கிறது. அடாருக்குக் கல்லும் கம்பும் போதும், இரும்பு வேண்டுவதில்லை. யானைக்குழிக்கோ இரும்பு இன்றியமையாதது. ஆகவே இரும்புக் கருவி எளிதாகக் கிடைத்த பின்னரே யானைக்குழி பெருகியிருத்தல் கூடும் என்று கருதுவது பொருத்தமாகும்.

அவ்விரும்புக்கும் தென்னாட்டில் குறைவில்லை. தாமிரவருணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ என்பார் 1899 முதல் 1905 வரை அகழ்ந்தபோது, தாழிகளோடு இரும்புக் கருவிகள் மிகுதியாக வெளிப்பட்டன. தாமிரவருணி பிறக்கும் அதே பொதிகை மலைத்தொகுதியின் மேற்குச் சரிவில்தான் திருவனந்தபுரத்தின் கரமனையாறும், நெய்யாறும், வாமனபுரம் ஆறும் பிறக்கின்றன. 1,868 மீட்டர் உயர்ந்த அகத்தியர்கூடம் இத்தொகுதியின் தலைமைச் சிகரம். நாம் கூறப்போகும் கதை இம்மலையின் நிழலில் நடந்தது.

மலையை அணுகுமுன் வெளியுலகையும் ஒருமுறை நோக்குவோம். யானை பிடிக்கும் முறைகள் பாரதநாட்டில் பல இருந்தன. கிறிஸ்துவுக்கு முன் 300-ஆம் ஆண்டையொட்டிப் பாடலிபுத்திரத்தில் தங்கிய மெகஸ்தனீசு கண்டெழுதியதை ஆதாரமாகக் கொண்டு, அர்ரியன் என்னும் கிரேக்க ஆசிரியர் ஒரு முறையை விவரிக்கிறார். சமநிலத்தைச் சுற்றி ஐந்து பாக அகலமும் நான்கு பாக ஆழமும் உள்ள அகழி தோண்டுவர். தோண்டிய மண்ணையே இருகரையிலும் மதிலாகக் குவிப்பர். உள்ளே பழகிய பெண்யானைகளை நிறுத்தி, ஒரே பாலத்தின் வழியாகக் காட்டு யானைகளை வரவிட்டுப் பின் பாலத்தை நீக்கிவிடுவர். இதுவும் மண் வேலையே. ஆயினும் பேரரசு ஒன்றின் ஆள்வலிமை இருந்தாலன்றி இதனைச் செய்தல் இயலாது.

பிற்காலத்தில் கெட்டா என்ற முறை பெயர் பெற்றது. மரக்கட்டைகளால் வேலி அமைத்து, நூற்றுக்கணக்கானோர் பறையறைந்து தீப்பந்தம் ஏந்தி ஒரு கூட்டம் முழுவதையும் உள்ளே ஓட்டுவது அது. சாண்டர்சன் என்னும் ஆங்கிலேயர் 1874-இல் மைசூர் நாட்டில் இதனை வெற்றியுடன் நடத்திக் காட்டினார். காக்கன்கோட்டையில் அதன் பின் பலமுறை கெட்டா நடைபெற்றது. 1971-இல் நடந்ததே இறுதியானது.

திருவிதாங்கூர் பெரும்பாலும் குழி முறையையே பற்றி நின்றது. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. அங்குள்ள காடு செங்குத்தான சரிவும், ஓயாத மழையும், நெருங்கிய மரங்களும் உடையது. ஆயிரம் பேரை வரிசையாக நிறுத்தி விலங்குகளை ஓட்டுவதற்கு அது இடந்தராது. கெட்டாவுக்குப் பொருட்செலவும் மிகுதி. குழிக்கோ சிலர் போதும். சில வாரம் போதும். ஒருமுறை தோண்டிய குழி, தூர்வாரி மூடியமைத்தால் ஆண்டுதோறும் பயன்படும். மலையாளத்தில் இக்குழிக்கு வாரிக்குழி என்று பெயர். யானையைப் பிடித்துக் கட்டும் இடத்தை வாரி என்பது வடமொழி வழக்கு.

இக்குழிகளுக்குரிய இடத்தைக் காட்டியவர்களும், மண்ணைத் தோண்டியவர்களுள் முதன்மையானவர்களும் மலைவாழ் மக்கள் ஆவர். திருவனந்தபுரத்துக் கிழக்கு மலைகளில் வாழ்வோர் காணிக்காரர். காணி என்னும் தமிழ்ச் சொல்லுக்கு நிலம் என்றும், நிலத்தின்மீதுள்ள வழிவழி உரிமை என்றும் பொருள். மலைக்கு உரியவர் என்ற பொருளிலேயே அப்பெயர் வழங்குவதாகக் கூறுவர். அவர்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தே வரும். இன்றும் அவர்கள் நெய்யாறு, கோட்டூர்ப் பகுதிகளிலும், கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறைப் பகுதியிலும், பாபநாசம் மலையிலும் வாழ்கின்றனர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழிப் பிரிக்கப்பட்டபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. காணிக்காரர் தாம் இருந்த இடத்திலேயே இருந்தனர். எல்லைக்கோடு அவர்கள் நடுவே சென்றது. பிழைப்பின் பொருட்டு எல்லை கடந்து வாழும் நம்மனோர்க்கு, அசையாமலே வெளிமாநிலத்தவராகிவிட்ட இம்மக்களின் நிலை எளிதில் விளங்கும்.

இனிக் கருவிகளைக் காண்போம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் வீட்டுப் புறக்கடையில் வாழைக்கன்று நடுவதற்காக மண்வெட்டி ஒன்று வாங்கினோம். விலை மலிவு என்பது ஒன்றையே பார்த்து வாங்கினோம். மூன்றாம் நாள், அடியிலிருந்த செம்பாறை மண்ணில் ஓங்கி வெட்டியபோது, பிடி நுழையும் வளையம் பிளந்து இலைத்தகடு தனியே கழன்று விழுந்தது. நல்லவேளையாகக் காலில் விழவில்லை. பின்னர்ச் சாலைக் கடைத்தெருவிலுள்ள வேறொரு இரும்புக்கடைக்குச் சென்றோம். கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்து முதியவர். நாம் விலை கேட்டதும், “விலையைப் பிறகு பேசலாம், சாரே, மண் என்ன மண்? அதை முதலில் சொல்லுங்கள்” என்றார். யானைக்குழியின் கருவி நூல் முழுவதும் அவ்வொரு வினாவில் அடங்கியிருப்பதாக இப்பொழுது நமக்குத் தோன்றுகிறது.

திருவிதாங்கூர் மண்ணின் தன்மை தனியானது. மேலே கருமையான காட்டு மண். அதன் கீழ் பல இடங்களில் செம்பாறாங்கல். மலையாளத்தார் அதனை வெட்டுகல் என்பர். பிரான்சிஸ் புக்கானன் என்பார் மலபாரில் இதனைக் கண்டு 1807-இல் வெளியான தம் பயண நூலில் லாட்டரைட் என்று பெயரிட்டார். செங்கல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ஈரமாக மண்ணுக்குள் இருக்கும்போது இக்கல் இரும்பால் வெட்டத் தகுந்த மென்மை உடையது. காற்றும் வெயிலும் பட்டுவிட்டால் கல்லாக இறுகிவிடும். யானைக்குழிக்கு இதனினும் சிறந்த நிலம் வேறு இல்லை. தோண்டும்போது கருவிக்கு இணங்கும். தோண்டிய பின் கரை இறுகி நிற்கும். மரமோ கல்லோ கொண்டு சுவர் எழுப்ப வேண்டுவதில்லை. சங்கப் புலவர் கண்ட களிறு கரையைச் சரித்து வெளியேறியது. செம்பாறைக் குழியில் வீழ்ந்த களிற்றுக்கு அவ்வழி அரிது.

இத்தகைய நிலத்துக்கு முதற்கருவி கடப்பாரை. ஒருமுனை கூர்மையாகவும் மறுமுனை உளிபோல் தட்டையாகவும் உள்ள இரும்புக் கோல் அது. கூர்முனை கல்லின் பிளவைத் தேடி நெம்பும். தட்டைமுனை கரையைச் செங்குத்தாகச் செதுக்கும். குழியின் கரை ஏறமுடியாதபடி நேராக நிற்க வேண்டுமாதலின் இச்செதுக்கு வேலை முக்கியமானது. கடப்பாரையில் மரமே இல்லை, ஒடிவதற்கு ஒன்றுமில்லை. முனை மழுங்கினால் கொல்லன் உலையில் காய்ச்சி அடித்து நீரில் தோய்த்துவிட்டால் மீண்டும் புதியதாகும். ஒருமுறை பணம் கொடுத்துத் தலைமுறைக்கும் வைத்துக்கொள்ளத்தக்க கருவி அது. ஏழைக்கு எது மலிவு என்ற கேள்விக்கு இதுவே விடை. வாங்கும் விலை சற்றுக் கூடினும், பழுதுபார்க்கும் செலவு குறைந்ததே மலிவான கருவி.

இரண்டாவது மண்வெட்டி. ஐரோப்பியர் கால்மிதியால் அழுத்தும் நீண்ட மண்வாரியைக் கையாண்டனர். கனத்த தோற்காலணி அணிந்தவனுக்கே அது உதவும். வெறுங்காலோடு வேலை செய்பவன் அதன் விளிம்பை மிதித்தால் பாதம் புண்ணாகும். நம் நாட்டு மண்வெட்டியோ கையின் வீச்சாலும் இலையின் கனத்தாலும் மண்ணைப் பிளந்து, தன்பக்கமாக இழுக்கிறது. மேலும், குறுகிய குழிக்குள் நீண்ட பிடியை வீச இடமில்லை. குட்டையான பிடியுள்ள மண்வெட்டியே அங்குச் சுழலும். குழி ஆழமாக ஆக, பிடியைக் குறைத்துக்கொள்ளவும் கூடும்; அதற்கு வேண்டிய மரம் காட்டிலேயே கிடைக்கும். இரும்பை மட்டும் ஊரிலிருந்து கொண்டுசென்றால் போதும் என்பது மலையேறுகிறவனுக்குச் சிறிய வசதியன்று.

இம்மண்வெட்டியின் புகழ் கடல் கடந்தும் சென்றது. மண்வெட்டி பேச்சு வழக்கில் மம்மட்டியாக, அச்சொல்லை ஆங்கிலேயர் தம் மொழியிலேயே சேர்த்துக்கொண்டனர். சென்னை மராமத்துக் கணக்குகளிலும் இலங்கைத் தோட்டங்களிலும் அது ஆங்கிலச் சொல்லாகவே வழங்கியது. கருவிப் பெயர்கள் எல்லை பாராமல் உலவுவதை வெளிமாநிலங்களில் வாழும் அன்பர்கள் தாமே கண்டிருக்கலாம். நம் பாரையைத்தான் மலையாளத்தார் பார என்கின்றனர்; கன்னடர் ஹாரே என்கின்றனர்; தெலுங்கர் கட்டபார என்கின்றனர். கல்மண்ணைக் கொத்தும் குந்தாலி கன்னடத்தில் குத்தலி, மராட்டியில் குதள், வங்காளத்தில் கோதால் என்ற பெயரில் மண்வெட்டியே வழங்குகிறது. கொல்கத்தாவிலோ பெங்களூரிலோ கடைக்குச் சென்று கருவியின் பெயரைத் தமிழிற் சொன்னாலும் பாதி புரிந்துகொள்வர். உழைப்பவர் மொழிக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவது குறைவு என்பது நம் தொழிலுக்கு ஏற்ற செய்தியன்று; எனினும் உண்மை.

மூன்றாவது கூடை. மூங்கிலாலோ பிரம்பாலோ பின்னிய சாதாரணக் கூடையே அது. காசு கொடாமல் காட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆயினும் உழைப்பிற் பெரும்பகுதியைத் தாங்கியது இக்கூடையே. நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். யானைக்குழி ஏறத்தாழ 12 அடி அகலமும் 12 அடி ஆழமும் உடையது. வட்டமாக, நேர்கரையோடு தோண்டினால் 1,350 கன அடிக்கு மேல் மண் வெளிவரும். அஃதாவது 38 கன மீட்டர். அதன் எடை ஏறக்குறைய 60 டன். ஒரு கூடைக்கு 20 கிலோ என வைத்தால் 3,000 கூடை. இரண்டாள் உயரத்துக்கு மேல் ஏணியில் ஏற்றியோ, கயிற்றில் இழுத்தோ மேலே கொணர்ந்த அம்மண்ணை அருகே குவிக்கவும் கூடாது. புதுமண்ணின் மணமும் நிறமும் யானைக்கு ஐயம் விளைக்கும். ஆகவே தொலைவில் கொண்டுபோய்ப் பரப்ப வேண்டும். ஒரு குழியோடு வேலை முடிவதுமில்லை. யானைகள் வழக்கமாக நடக்கும் தடத்தில், ஒன்றில் தப்பினால் மற்றொன்றில் விழுமாறு பல குழிகளைத் தோண்டுவர். கணக்கு எழுதும் அதிகாரி இத்தனை குழி என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். அவ்வொரு வரிக்குள் எத்தனை ஆயிரம் கூடை மண் புதைந்து கிடக்கிறது!

நான்காவது வெட்டுக்கத்தி. குழி முடிந்தபின் இதற்கு வேலை. மூங்கிலைப் பிளந்து குழியின் வாயில் குறுக்கும் நெடுக்கும் பரப்பி, மேலே சிறு கிளைகளும் இலையும் இட்டு, மண்ணைத் தூவி, யானைச் சாணத்தையும் மேலே போடுவர். மூங்கில் மிகத் தடித்திருந்தால் யானையைத் தாங்கிவிடும்; மிக மெலிந்திருந்தால் மான் கடந்தாலே இடிந்துவிடும். இந்த அளவை எந்தக் கருவியும் சொல்லித் தருவதில்லை. கைப்பழக்கமே சொல்லித் தரும். விழும் யானையின் எலும்பு முறியாதிருக்கக் குழியின் அடியில் தழையையும் சுள்ளியையும் மெத்தைபோல் இடும் வழக்கமும் இருந்தது.

இரும்பு எங்கிருந்து வந்தது? தொடக்கத்தில் ஊர்க் கொல்லன் உலையிலிருந்தே வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஆலைகளின் எஃகுக் கருவிகள் துறைமுகங்களின் வழியே கடைத்தெருக்களுக்கு வந்தன. 1912-இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஆலை எஃகு வார்க்கத் தொடங்கியது. 1920-களில் அந்நகரிலேயே வேளாண் கைக்கருவிகள் செய்யும் தொழிலும் எழுந்தது. ஆலைக் கருவி ஒரே அளவாக இருந்தது. கொல்லன் கருவியோ மண்ணுக்கேற்ற அளவாக இருந்தது. இரண்டும் இன்றுவரை அருகருகே விற்பனையாகின்றன. சாலைக் கடைக்காரர் நம்மிடம் முதலில் மண்ணைக் கேட்டது இந்த வேறுபாட்டை அறிந்துதான்.

யானை விழுந்தபின் நடப்பது வேறொரு கலை. பழகிய யானைகளை அங்குக் கொணர்வர். நாம் கும்கி என்று சொல்லும் அவ்யானையை மலையாளத்தார் தாப்பானை என்பர். கழுத்திலும் காலிலும் வடம் மாட்டிய பின்னர், மரத்துண்டுகளைக் குழிக்குள் உருட்டி, அவற்றின் மேல் ஏறி ஏறி யானை மேலே வருமாறு செய்வர். கரையின் ஒருபக்கத்தைச் சரிவாக வெட்டிவிடுவதும் உண்டு. சிறைப்படுத்தத் தோண்டிய மண்வெட்டியே மேலே வருவதற்கும் வழி வெட்டியது. பிறகு மரக்கூட்டில் அடைத்துப் பல மாதம் பழக்குவர். திருவனந்தபுரத்துக்கு வடக்கே கோன்னியில் 1942-இல் கம்பக மரத்தால் கட்டிய பெருங்கூடு இன்றும் நிற்கிறது. அங்குச் செல்வோர் அதன் தூண்களைத் தொட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவும் கூறிய பின்னர், கொடுத்த விலையைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. குழி முறை மலிவானது என்றோம். யாருக்கு மலிவு? யானைக்கு அன்று. பல்லாயிரம் ராத்தல் எடையுள்ள உடல் 12 அடி கீழே விழுவதை எண்ணிப் பார்க்க வேண்டும். கால் மூட்டு நழுவியும், உள்ளுறுப்புகள் அடிபட்டும் மாண்ட யானைகள் பல. கெட்டா நடத்திய சாண்டர்சனே 1878-இல் வெளியிட்ட தம் நூலில் குழி முறையைக் கொடியது என்று கண்டித்தார். அவருடைய முறையும் இன்னல் அற்றதன்று. ஆயினும் இதனைக் கண்டு அவர் மனமும் நொந்தது. குட்டி குழியில் விழ, தாய் கரையில் நின்று பிளிறும் காட்சியைக் காவலிருந்தோர் பலர் கண்டிருப்பர். அவர்கள் எழுதத் தெரிந்தவராக இருந்திருப்பின் நம் நூலகங்களில் வேறுவகை நூல்கள் இருந்திருக்கும்.

தோண்டியவருக்கும் அது மலிவாக இருக்கவில்லை. திருவிதாங்கூரில் ஊழியம் என்னும் கட்டாய வேலை நெடுங்காலம் நிலவியது. கூலியின்றியோ, பெயரளவுக் கூலிக்கோ எளியோர் அரசாங்க வேலை செய்ய வேண்டியிருந்தது. மலைவாழ் மக்கள் தேன், மெழுகு, ஏலம், தந்தம் ஆகியவற்றைச் சேகரித்து அரசாங்கப் பண்டகசாலைக்கு அளித்தனர். அவர்கள் பெற்றது மிகச் சிறிதே. யானை அரசரின் உடைமை. தந்தம் அரசரின் உடைமை. காடும் அரசாங்கத்தின் உடைமை ஆயிற்று. காணி என்ற பெயர் மட்டுமே காணிக்காரருக்கு மிஞ்சியது. வழிவழி வாழ்ந்த காட்டுநிலத்தின்மீது உரிமை கோர வழிசெய்த வன உரிமைச் சட்டம் 2006-இல்தான் வந்தது.

மன்னர் பெயர் தெரியும். வனத்துறைத் தலைவர்களின் பெயர் தெரியும். சில யானைகளின் பெயருங்கூடத் தெரியும். குழி தோண்டியவன் பெயர் ஒன்றும் நமக்குத் தெரியாது. ஆயினும் அவனுடைய அறிவு அவன் கருவியில் எழுதப்பட்டிருக்கிறது. குட்டைப்பிடி ஏன், உளிமுனை ஏன், பிரம்புக் கூடை ஏன் என்று கேட்டால் அவனே விடை சொல்வதுபோல் இருக்கிறது. எளியோர் வரலாற்றை எழுத விரும்புவோர் ஏட்டைத் தேடுவதோடு நில்லாமல், தாழ்வாரத்து மூலையையும் தேட வேண்டும்.

யானை பிடிக்கும் காலம் இன்று முடிந்துவிட்டது. சென்னை மாகாணத்தில் காட்டு யானைகளைக் காக்கும் சட்டம் 1873-இலேயே இயற்றப்பட்டது. பாரதநாடு முழுவதற்குமான வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. 1977-இல் யானை அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டு உயர்ந்த பாதுகாப்பைப் பெற்றது. கேரளத்தில் குழி தோண்டி யானை பிடிப்பதும் அத்துடன் ஓய்ந்தது. இன்று காட்டு விலங்குக்குக் குழியோ கண்ணியோ வைப்பது தண்டனைக்குரிய குற்றம்.

ஆனால் மண்ணைத் தோண்டும் வேலை ஓயவில்லை. காட்டு யானை வயலுக்குள் புகாதிருக்கக் காட்டோரங்களில் அகழி வெட்டுகின்றனர். முற்காலத்தில் யானையை உள்ளே கொணரத் தோண்டினர். இக்காலத்தில் வெளியே நிறுத்தத் தோண்டுகின்றனர். தோண்டுவது பெரும்பாலும் மண்ணள்ளும் இயந்திரம். அதன் வாளி ஒருமுறை அள்ளுவது பல பத்துக் கூடைக்குச் சமம்.

திருவனந்தபுரத்திலிருந்து கிழக்கே நெய்யாற்று அணைப்பக்கம் செல்வோர் கோட்டூரில் காப்புக்காடு என்னும் இடத்தைக் காணலாம். காணிக்காரர் குடியிருப்புகளுக்கு அருகே அமைந்த யானை மறுவாழ்வு நிலையம் அது. தாயைப் பிரிந்து தனித்து நின்ற குட்டிகள் அங்கு வளர்கின்றன. நாம் சென்றிருந்த நாளில், குட்டியொன்று பாகனின் கையிலிருந்து உணவை வாங்கித் தின்றுகொண்டிருந்தது. அருகே ஒருவர் மண்வெட்டியால் வாய்க்காலைச் சீர்செய்துகொண்டிருந்தார், குட்டைப்பிடி மண்வெட்டிதான்.

கேரளத்தின் மலையோர ஊர்களில், பயன்பாடற்ற கிணற்றில் காட்டு யானை விழுந்துவிடுவது இன்றும் அவ்வப்போது நிகழ்கிறது. அப்போது ஊரார் கூடுகின்றனர், வனத்துறையினர் வருகின்றனர், கிணற்றின் ஒருபக்கக் கரையைச் சரிவாக வெட்டுகின்றனர். யானை தட்டுத் தடுமாறி ஏறி, ஒருகணம் நின்று, காட்டை நோக்கி ஓடுகிறது. குழியைத் தூர்த்துக்கொண்டு தன் கூட்டத்தைச் சேர்ந்த களிற்றைப் பாடிய பழம்புலவர் இக்காட்சியைக் கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பார். அன்று யானை தானே கரையை இடித்தது. இன்று மனிதன் கரையை வெட்டி வழிவிடுகிறான். இடைப்பட்ட ஈராயிரம் ஆண்டுகளில் மண்வெட்டியின் வடிவம் அதிகம் மாறவில்லை. அதனை எதற்காக எடுக்கிறோம் என்பதுதான் மாறியிருக்கிறது.